வரி பதினையாயிரம்

வைகாசி முடியவில்லை. பதினோராம் மாடியில்
யன்னலைத் திறந்தால் மார்க்கம் வீதிப் பஸ்ஸின் மூச்சு.
இடியப்பத் தட்டை ஒதுக்கிவிட்டு
நிருசன் லாப்டொப்பை என் பக்கம் திருப்புகிறான்.
"அம்மா, வரி பதினையாயிரம் பாருங்கோ."
எந்த வரி? கட்டின வரியா, எழுதின வரியா?
"லைன், அம்மா. வருமான வரிக் கடிதத்தில
அந்த நம்பருக்குப் பக்கத்தில இருக்கிறதுதான்
நீங்கள்."

முப்பத்தொன்பதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.
அஜாக்ஸ் முதியோர் இல்லத்தில்
தூக்கி இருத்திய உடம்புகள், மாற்றிய விரிப்புகள்,
இரட்டை ஷிப்டில் கழிந்த நத்தார் இரவு,
எல்லாம் சேர்ந்து ஒரு வரி.

விமானம் திருத்தப் படிக்கப் போகிறான்.
நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறை ஏறிய சாமான்.
அந்த ஒரு முறைக்கு
ஏஜென்சிக்காரனுக்கு ஒன்பது வருசம் கட்டினேன்.

கடன் எனக்குப் புதிதில்லை.
சீட்டை முதல் மாதமே கழித்தெடுத்து
கழிவில் பாதியை இழந்தவள்.
தாலிக்கொடியை இரண்டு தரம் அடைவு வைத்து
ஒரு தரம் மட்டும் மீட்டவள்.
வற்றாப்பளை அம்மனுக்கு நேர்ந்த பொங்கல்
இன்னும் நிலுவையில் நிற்கிறது,
அவள் வட்டி கேட்டதில்லை.

ஆனால் கிராண்ட் என்றால் என்ன?
"திருப்பிக் குடுக்கத் தேவையில்லாத காசு."
எனக்குச் சிரிப்பு வந்தது.
அப்ப ஆருக்கு நன்றி சொல்லுறது?
"ஒருத்தருக்கும் இல்லை. அது ஒரு கணக்கு.
வீட்டு வருமானம் குறைஞ்சா கிராண்ட் கூடும்,
மிச்சம் லோன். படிச்சு முடிஞ்சு
ஆறு மாசத்தால கட்டத் தொடங்கோணும்."
தன் பதினேழு வயதை மறந்து
வங்கிக்காரன் மாதிரிக் கதைக்கிறான்.

பிறகு அந்தக் கேள்வி வந்தது.
பெற்றோரின் திருமண நிலை.
ஒன்றின் கீழ் ஒன்றாக ஐந்து வட்டம்.

கோயிலில் கேட்பவர்களுக்கு, அவர் எட்மன்டனில் வேலை.
ஊரிலிருந்து எடுப்பவர்களுக்கு, லீவு கிடைக்கவில்லை.
கீழ்மாடிச் சிவபாக்கியம் அக்காவுக்கு,
லொறி ஓட்டம், வரப் பிந்தும்.
நாலு வருசமாக ஒரே லொறி.

திருமணமானவர் என்று போட்டால்
அவருடைய வரியும் கேட்கும்,
அவருடைய கையெழுத்தும் கேட்கும்.
பிரிந்தவர் என்று போட்டால்
என் வரி மட்டும் போதும்.
மானத்துக்கும் மானியத்துக்கும் நடுவில்
சுண்டுவிரல் நகத்தளவு வட்டம்.

கணினிக்குப் பொறுமை இருபது நிமிடம்தான்.
பாதுகாப்புக்காக வெளியேற்றப்பட்டீர்கள் என்றது.
நிருசன் ஒன்றும் சொல்லவில்லை.
திரும்பப் பெயர், திரும்பக் கடவுச்சொல்,
திரும்ப அதே ஐந்து வட்டம்.
"தேத்தண்ணி போடுறன்" என்று எழும்பினான்.
என் பிள்ளை தேத்தண்ணி குடிப்பதில்லை.

அழுத்தினேன்.
அதோடு விட்டதா?
எப்போதிலிருந்து என்று கேட்டது. மாதம், வருடம்.

எதைப் போட?
குளிர்ச்சட்டைகளைக் கறுப்புக் குப்பைப் பைக்குள்
அவர் அமத்தி அமத்தி அடைந்த நாளா?
அந்த நம்பர் பாவனையில் இல்லை என்று
ஒரு பெண்குரல் எனக்குச் சொன்ன நாளா?
யோசிக்காமலே இரண்டு பேருக்கு மட்டும்
அரிசி அளக்க என் கை பழகிய நாளா?
அதற்குத் திகதி இல்லை.

குசினியில் தண்ணீர் கொதித்து
வற்றிக்கொண்டிருந்தது.
திரும்பாமலே சொன்னான்:
"மார்கழி, அம்மா. இருபத்தொன்று.
என்ர பிறந்தநாளுக்கு அடுத்த நாள்."

போட்டேன்.
இரண்டு கோப்பை கொண்டுவந்து வைத்தான்.
சீனி இல்லை. குடித்தோம்.
கிராண்ட் எவ்வளவு, லோன் எவ்வளவு என்று
திரையில் ஒரு சின்னச் சக்கரம்
சுற்றிக்கொண்டே இருந்தது.